மின்னூட்டம் கொண்ட சில துகள்களின் குவாண்டம் சிதறல்: கணக்கிடுவோருக்கான முழுமையான வழிகாட்டி

ஓர் எலக்ட்ரான் ஹைட்ரஜன் அணுவின் மீது மோதுகிறது. இந்த மோதலை விவரிக்கும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு 1926 முதல் நம் கையில் இருக்கிறது. அதில் வரும் விசை, மின்னூட்டங்களுக்கிடையே செயல்படும் கூலூம் விசை ஒன்றே. அதன் வடிவத்தில் ஐயம் எதுவும் இல்லை. இருந்தும், அணு உடைந்து ஒரு புரோட்டானும் இரண்டு எலக்ட்ரான்களும் தனித்தனியே பறந்து செல்லும் நிகழ்வை, இறுதிநிலையின் வடிவத்தை ஊகிக்காமல் கணினியில் முழுமையாகத் தீர்த்துக் காட்டிய ரெசிக்னோ, பேர்ட்ஷி, ஐசக்ஸ், மெக்கர்டி ஆகியோரின் கட்டுரை வெளியானது 1999-இல்தான். சிக்கல் துகள்கள் நெருங்கியிருக்கும் இடத்தில் இல்லை. அவை ஒன்றையொன்று விட்டு வெகுதூரம் விலகிய பிறகும் ஒன்றையொன்று விடாமல் இழுத்தும் தள்ளியும் கொண்டிருப்பதில்தான் இருக்கிறது.

இந்தத் துறையில் நுழைகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் உழைப்பை நெருங்கிய பகுதியில் செலவிடுகிறார்கள். அடிப்படைச் சார்புகளைக் கூட்டுகிறார்கள், வலைப்புள்ளிகளை நெருக்கமாக வைக்கிறார்கள். ஆனால் தவறான விடைகளில் பெரும்பாலானவை தொலைவில் பொருத்தப்படும் எல்லை நிபந்தனையில் பிறக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த வழிகாட்டி ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேட்கிறது: துகள்கள் தொலைவுக்குச் சென்ற பின் அலைச்சார்பு எந்த வடிவில் இருக்கும்? அணுக்களைப் பற்றிய இடங்களில் அணு அலகுகளைப் பயன்படுத்துகிறேன். தொலைவின் அலகு போர் ஆரம், அதாவது 0.529 ஆங்ஸ்ட்ராம், ஆற்றலின் அலகு 27.2 எலக்ட்ரான் வோல்ட்.

படி 1: வழித்தடங்களை எழுதி, ஒவ்வொன்றிலும் மின்னூட்டத்தைப் பாருங்கள்

கணினியைத் தொடும் முன், மோதலின் முடிவில் அமைப்பு எந்தெந்தத் துண்டுகளாகப் பிரியக்கூடும் என்பதைத் தாளில் எழுத வேண்டும்; இத்தகைய ஒவ்வொரு முடிவும் ஒரு வழித்தடம். 17.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஓர் எலக்ட்ரான், தரைநிலையில் உள்ள ஹைட்ரஜனைத் தாக்குவதாகக் கொள்வோம். மீட்சிச் சிதறல் எப்போதும் திறந்திருக்கும் வழித்தடம். இரண்டாம் மட்டத்துக்குக் கிளர்த்தும் வழித்தடம் 10.2 எலக்ட்ரான் வோல்ட்டில் திறக்கிறது. மூன்றாம் மட்டத்துக்குரியது 12.1-இல். அதன்பின் முடிவற்ற வழித்தடங்கள் 13.6-ஐ நோக்கி நெருங்கி நெருங்கி வருகின்றன. 13.6-ஐத் தாண்டியதும் அயனியாக்கம் திறக்கிறது. எஞ்சிய 4 எலக்ட்ரான் வோல்ட்டை இரண்டு எலக்ட்ரான்களும் எந்த விகிதத்திலும் பங்கிட்டுக்கொள்ளலாம்.

எறிதுகளாக எலக்ட்ரானுக்குப் பதில் பாசிட்ரானை (நேர்மின்னூட்டமுள்ள எதிர் எலக்ட்ரானை) வைத்தால் புதிய வகை வழித்தடம் ஒன்று சேர்கிறது. பாசிட்ரான் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு பாசிட்ரோனியமாகப் போய்விடலாம். இதற்கான பயன்தொடக்க ஆற்றல் 6.8 எலக்ட்ரான் வோல்ட். இந்த மறுஅமைவு வழித்தடத்துக்கு இயல்பான ஆயங்கள் வேறு. முதலில் பாசிட்ரானுக்கும் அணுவுக்கும் இடைப்பட்ட தொலைவு முக்கியமாக இருந்தது. இப்போது புரோட்டானுக்கும் பாசிட்ரோனியத்தின் நிறை மையத்துக்கும் இடைப்பட்ட தொலைவு முக்கியமாகிறது. இவ்வாறு ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய ஆயத் தொகுதியை ஜக்கோபி ஆயங்கள் என்கிறோம். மூன்று துகள்களுக்கு இத்தகைய தொகுதிகள் மூன்று உண்டு. எந்த வழித்தடத்தை எந்தத் தொகுதியில் எழுதுகிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

இனி ஒவ்வொரு வழித்தடத்துக்கும் எதிரே துண்டுகளின் நிகர மின்னூட்டத்தைக் குறியுங்கள். இரண்டு துண்டுகளில் ஒன்றாவது நடுநிலையானது என்றால் தொலைவில் தள அலை செல்லும். இரண்டுமே மின்னூட்டம் கொண்டவை என்றால் கூலூம் அலையே செல்லும். மூன்று மின்துகள்கள் தனித்தனியே பிரிந்தால் ஐந்தாம் படியில் சொல்லப்படும் சிரமம் காத்திருக்கிறது.

நடுநிலை என்றதும் நிம்மதியடையக் கூடாது. தரைநிலை ஹைட்ரஜனின் முனைவாக்கத்தால் தொலைவின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதமான ஈர்ப்பு தோன்றுகிறது. அணு அலகில் அந்த முனைவாக்கத்திறன் 4.5. கிளர்ந்த மட்டங்களிலோ ஒரே ஆற்றலில் வெவ்வேறு கோண உந்தமுள்ள நிலைகள் இருப்பதால், தொலைவின் இருபடிக்கு எதிர்விகிதமான இணைப்பு எழுகிறது. இதன் விளைவாகவே இரண்டாம் மட்டக் கிளர்வின் குறுக்குவெட்டு (நிகழ்வின் வாய்ப்பைக் காட்டும் பரப்பளவு), பயன்தொடக்க ஆற்றலில் சுழியிலிருந்து தொடங்காமல் ஒரு முடிவுறு மதிப்பிலிருந்து தொடங்குகிறது. கைலிட்டிஸும் டாம்பர்க்கும் 1963-இல் இதைக் காட்டினார்கள்.

படி 2: இரண்டு மின்துகள்களின் கணக்கை முழுமையாகக் கைவசப்படுத்துங்கள்

இந்தப் படியில் நிதானம் தேவை. மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கின்றன.

இரண்டு மின்துகள்களின் சிதறலை ஆள்வது ஒரே ஒரு பரிமாணமற்ற எண்: இரு மின்னூட்டங்களின் பெருக்கலை, சுருக்கப்பட்ட பிளாங்க் மாறிலியும் சார்புத் திசைவேகமும் சேர்ந்த பெருக்கலால் வகுத்தால் கிடைப்பது. இதைச் சாமர்ஃபெல்ட் எண் என்பர். ஈட்டா என்ற கிரேக்க எழுத்தால் குறிப்பது வழக்கம். விலக்கு விசைக்கு இது நேர்க்குறியும் ஈர்ப்பு விசைக்கு எதிர்க்குறியும் பெறும். வேகம் குறையக் குறைய இதன் அளவு பெருகும். ஆகவே மெதுவாகச் செல்லும் துகள்களுக்கே கூலூம் விசையின் பிடி அதிகம்.

இப்போது தொலைவில் நடப்பதைப் பார்ப்போம். ஓர் இடத்தில் துகளின் அலை எண், அங்குள்ள இயக்க ஆற்றலின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கூலூம் நிலையாற்றல் தொலைவுக்கு எதிர்விகிதமாகக் குறைவதால், அந்த வர்க்கமூலத்தை விரித்தால் அலை எண் முழு மதிப்பிலிருந்து ஈட்டாவைத் தொலைவால் வகுத்த அளவு குறைந்திருக்கும். அலையின் கட்டத்தை, அதாவது அலைவில் அது எட்டியிருக்கும் நிலையை, பெற இதைத் தொலைவின் மீது தொகையிட வேண்டும். தலைகீழ்த் தொலைவைத் தொகையிட்டால் மடக்கை வருகிறது. மடக்கைக்கு எல்லை கிடையாது.

எண்களை வைத்துப் பார்த்தால் இதன் தீவிரம் விளங்கும். அலை எண் 1, சாமர்ஃபெல்ட் எண்ணின் அளவு 1 என்று கொள்வோம், 13.6 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் ஒரு மின்னூட்டமுள்ள நிலையான மையத்தால் சிதறுவது இதற்கு நிகர். கூடுதல் கட்டம், அலை எண்ணையும் தொலைவையும் பெருக்கி இரட்டித்ததன் இயல் மடக்கை. 100 போர் ஆரத்தில் அது 5.30 ரேடியன். 1,000-இல் 7.60. 10,000-இல் 9.90. தொலைவு பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் 2.30 ரேடியன் கூடிக்கொண்டே போகிறது. எங்கே நின்று தள அலையோடு ஒப்பிட்டாலும், நின்ற இடத்தைப் பொறுத்து வேறு வேறு கட்டப்பெயர்ச்சி கிடைக்கும். கட்டம் பெரிய தொலைவில் நிலைபெறவில்லை என்று புதியவர்கள் வலைப்புள்ளிகளை மேலும் மேலும் நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நானும் தொடக்கத்தில் அப்படிப் பல நாட்களைச் செலவிட்டேன். அது ஒருபோதும் நிலைபெறாது. ஒப்பிட வேண்டியது மடக்கைக் கட்டத்தைத் தன்னுள்ளேயே கொண்ட கூலூம் அலையோடு மட்டுமே. இதைக் கணிதரீதியாகச் செம்மைப்படுத்தி, கூலூம் விசைக்கு உரிய திருத்தப்பட்ட அலைச்செயலிகளை 1964-இல் வரையறுத்தவர் டொல்லார்ட்.

இந்தத் தெளிவு வந்துவிட்டால் மற்றவை இயல்பாகப் பொருந்தும். கார்டனும் மாட்டும் 1928-இல் பெற்ற சரியான குவாண்டம் தீர்வு, ரூதர்ஃபோர்டு 1911-இல் பழைய இயக்கவியலில் பெற்ற கோணப் பரவலையே மாற்றமின்றித் தருகிறது. சிதறல் வீச்சின், அதாவது அளவை வர்க்கித்தால் கோணப் பரவலைத் தரும் கலப்பெண்ணின், கட்டத்தில் மட்டும் குவாண்டம் தன்மை ஒளிந்திருக்கிறது. வேறொரு வீச்சு வந்து குறுக்கிடும்போதுதான் அது வெளிப்படும். இரு துகள்களும் ஒரே வகையாக இருந்தால், ஒரு கோணத்தில் சிதறிய வீச்சும் அதன் மிகைநிரப்புக் கோணத்தில் சிதறிய வீச்சும் கூடி அலைவுகளைத் தருகின்றன. மாட் 1930-இல் இதற்கான சூத்திரத்தை எழுதினார். ரூதர்ஃபோர்டு பரவல் முன்னோக்கிய திசையில் முடிவிலியாவதால் மொத்தக் குறுக்குவெட்டுக்குப் பொருள் இல்லை. ஆகவே மொத்தக் குறுக்குவெட்டை முன்திசை வீச்சின் கற்பனைப் பகுதியோடு இணைக்கும் ஒளியியல் தேற்றத்தை, இரு துண்டுகளும் மின்னூட்டம் கொண்ட வழித்தடத்தில் நேரடியாகப் பயன்படுத்த வேண்டாம்.

மின்விலக்கு துகள்களை எவ்வளவு தூரம் விலக்கி வைக்கிறது என்பதற்குக் காமோவ் காரணியைக் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு புரோட்டான்கள் ஒன்றையொன்று தொடும் வாய்ப்பு, மின்னூட்டம் இல்லாத நிலையோடு ஒப்பிட, நிறை மைய ஆற்றல் 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டாக இருக்கும்போது ஏறத்தாழ ஆயிரத்தில் 6 பங்கு. ஆற்றலை 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டாகக் குறைத்தால் அது நூறு கோடியில் 5 பங்குக்குச் சரிகிறது. ஈர்ப்பு விசையில் இதே காரணி ஒன்றுக்கு மேல் உயர்ந்து, வேகம் குறையும்போது வேகத்துக்கு எதிர்விகிதமாகப் பெருகும்.

படி 3: குறுகிய எல்லை விசையைக் கூலூம் அலைகளோடு பொருத்துங்கள்

அணுக்கரு விசையோ, அணுவின் உள்ளமைப்போ கூலூம் விசையோடு சேரும்போது, ஆரத்திசைச் சமன்பாட்டைக் குறுகிய விசை மறையும் தொலைவு வரை எண்முறையில் தீர்த்து, அங்கே ஒழுங்கான கூலூம் சார்போடும் ஒழுங்கற்ற கூலூம் சார்போடும் பொருத்த வேண்டும். கிடைக்கும் கட்டப்பெயர்ச்சி கூலூம் அலைக்கு மேற்பட்ட கூடுதல் மட்டுமே என்பதை மறக்கலாகாது.

பகுதி அலைகளை, அதாவது ஒவ்வொரு கோண உந்தத்துக்கும் உரிய அலைக்கூறுகளை, கூட்டும்போது ஒரு பொறி இருக்கிறது. தூய கூலூம் கட்டம் ஒரு கோண உந்தத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது, சாமர்ஃபெல்ட் எண்ணை அடுத்த கோண உந்த எண்ணால் வகுத்ததன் தலைகீழ் டேஞ்சன்ட் அளவு கூடுகிறது. கணினியில் இந்த மீள்தொடர்பு மிக எளிது. சுழி கோண உந்தத்தின் கட்டத்தைக் காமாச் சார்பிலிருந்து எடுத்துவிட்டால் மற்றவை வரிசையாக வந்துவிடும். ஆனால் இந்தக் கூட்டல்கள் முடிவில்லாமல் சேர்வதால், கூலூம் வீச்சைப் பகுதி அலைகளாகக் கூட்டினால் தொடர் குவியாது. செய்ய வேண்டியது இதுதான்: கூலூம் வீச்சை மூடிய சூத்திரத்தில் தனியாக எழுதுங்கள், குறுகிய விசையால் வந்த வேறுபாட்டை மட்டும், கூலூம் கட்டக் காரணியைப் பெருக்கி, பகுதி அலைகளாகக் கூட்டுங்கள். இரண்டையும் வீச்சாகச் சேர்த்த பிறகே வர்க்கம் காண வேண்டும்.

கூலூம் விசை நெருங்கிய பகுதியையும் தொடாமல் விடுவதில்லை. இரண்டு புரோட்டான்களின் ஒற்றைத் தற்சுழற்சி நிலையில் அளவிடப்படும் சிதறல் நீளம் (மிகக் குறைந்த ஆற்றலில் சிதறலின் வலிமையைக் காட்டும் நீளம்) சுமார் எதிர்க்குறி 7.8 ஃபெர்மி, மின்விலக்கின் விளைவை ஒரு மாதிரி கொண்டு நீக்கினால் அது எதிர்க்குறி 17 ஃபெர்மியை ஒட்டி வருகிறது. கூலூம் விளைவை இறுதியில் ஒரு சிறு திருத்தமாகக் கழித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 4: வழித்தடங்களை இணைத்துத் தீருங்கள்

அணு இலக்கானால் அலைச்சார்பை இலக்கின் நிலைகளில் விரித்து, ஒவ்வொரு நிலைக்கும் எதிரே உள்ள ஆரத்திசைச் சார்புகளுக்கான இணைந்த வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கிறோம். எலக்ட்ரான் மோதலில் இரு எலக்ட்ரான்களும் ஒன்றுபோலவே இருப்பதால் ஒற்றைத் தற்சுழற்சி நிலையையும் மும்மை நிலையையும் தனித்தனியே கணக்கிட்டு, முதலதற்குக் கால் பங்கும் மற்றதற்கு முக்கால் பங்கும் எடைகொடுத்துக் கூட்ட வேண்டும். உங்கள் நிரலைச் சோதிக்க மிகக் குறைந்த ஆற்றலே நல்ல தொடக்கம்: ஹைட்ரஜனின் சிதறல் நீளம் ஒற்றை நிலையில் 5.97 போர் ஆரம், மும்மை நிலையில் 1.77. முனைவாக்க ஈர்ப்பை விட்டுவிட்ட நிரல் இரண்டாவது எண்ணை ஒருபோதும் எட்டாது. அதன்பின் ஒற்றை நிலையில் 9.56 எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு கூர்மையான ஒத்ததிர்வு தெரிகிறதா என்று பாருங்கள்.

இலக்கின் கட்டுண்ட நிலைகள் மட்டும் போதாது. அதன் தொடர்நிலையும், அதாவது எலக்ட்ரான் கட்டறுந்து விலகும் நிலைகளும், வேண்டும். பிரேயும் ஸ்டெல்போவிக்ஸும் 1992 முதல் வளர்த்த குவியும் நெருங்கிணைப்பு முறையில், லகேர் சார்புகளில் இலக்கின் ஹாமில்டோனியனை மூலைவிட்டமாக்குகிறோம். எதிர் ஆற்றலில் வரும் நிலைகள் கட்டுண்ட நிலைகளை ஒத்திருக்கும். நேர் ஆற்றலில் வரும் போலி நிலைகள் தொடர்நிலையின் மாதிரிகளாக நிற்கும். அந்தப் போலி நிலைகளுக்கான கிளர்வுக் குறுக்குவெட்டுகளைக் கூட்டினால் மொத்த அயனியாக்கக் குறுக்குவெட்டு கிடைக்கும். மூன்று துகள்களின் உடைவை இரு துகள் எல்லை நிபந்தனையோடு இம்முறை பெற்றுவிடுகிறது. வெளியேறும் ஓர் எலக்ட்ரானுக்கு மற்றொன்று கருவை முழுமையாக மறைத்துவிட்டது போன்ற தள அலையே அதில் இருக்கிறது. இது எப்படிச் சரியான விடையைத் தருகிறது என்ற கேள்வி பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்டது. மொத்தக் குறுக்குவெட்டுக்கு இம்முறையை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். எலக்ட்ரான்கள் ஆற்றலைப் பங்கிடும் விகிதம் வேண்டுமானால், இரண்டும் சமமாகப் பெறும் புள்ளிக்கு அப்பால் வீச்சு சரிந்துவிடுவதையும், அந்தப் புள்ளியிலேயே அது உண்மை வீச்சின் பாதிக்குக் குவிவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

படி 5: மூன்று மின்துகள்களும் பிரியும் எல்லை

குறுகிய எல்லை விசைகளுக்கு மூன்று துகள் சிக்கலை 1960-இல் ஃபதேயெவ் தீர்த்தார். லிப்மன், ஷ்விங்கர் ஆகியோரின் தொகையீட்டுச் சமன்பாடு மூன்று துகள்களுக்குத் தனித்த தீர்வைத் தராது. இரண்டு துகள்கள் மட்டும் மோத மூன்றாவது தொடர்பின்றி விலகிச் செல்லும் பகுதி அதன் கருச்சார்பில் தங்கிவிடுவதே காரணம். ஃபதேயெவ் அலைச்சார்பை மூன்று கூறுகளாகப் பிரித்து அந்தப் பகுதியை அகற்றினார். கூலூம் விசைக்கு இது அப்படியே செல்லாது, ஏனெனில் எந்த இணையும் தொலைவில் விசையற்றதாக ஆவதில்லை. மெர்க்குரியெவ் 1980-இல் ஒவ்வோர் இணையின் நிலையாற்றலையும், அந்த இணை நெருங்கியிருக்கும் பகுதியில் செயல்படும் பங்கென்றும் எஞ்சிய நீண்ட வால் என்றும் பிரித்தார். வால்கள் எல்லாக் கூறுகளுக்கும் பொதுவாக நிற்க, நெருங்கிய பங்குகள் மட்டும் கூறுகளை இணைக்கின்றன.

தொலைவில் அலைச்சார்பின் வடிவம் இடத்தைப் பொறுத்தது. மூன்று இடைத்தொலைவுகளும் பெரிதாக இருக்கும் பகுதியில், தள அலையை ஒவ்வோர் இணைக்கும் உரிய மடக்கைக் கட்டம் என மூன்று காரணிகள் பெருக்குகின்றன. இரண்டு துகள்கள் நெருங்கியிருந்து மூன்றாவது மட்டும் தொலைவில் இருக்கும் பகுதியில் இந்த வடிவம் செல்லாது. ஆல்ட்டும் முகமெட்ஜானோவும் 1993-இல் அதற்குரிய வடிவத்தைத் தந்தார்கள். பிரவுனர், பிரிக்ஸ், கிளார் ஆகியோர் 1989-இல் மூன்று கூலூம் சார்புகளின் பெருக்கலை இறுதிநிலையாக வைத்துச் செய்த கணக்கு, சிதறல் கோணங்களின் வடிவத்தை நன்றாகத் தந்தது. இருப்பினும் அது துகள்கள் நெருங்கிய இடத்தில் சரியான தீர்வு அல்ல என்பதால் அதன் முழு அளவை நம்பிவிடக் கூடாது.

இறுதிநிலையின் வடிவத்தையே எழுதாமல் தவிர்க்கும் வழிதான் புறக் கலப்பெண் அளவாக்கம். ஒரு குறிப்பிட்ட ஆரம் வரை ஆயங்களை மெய்யெண்ணாக வைத்து, அதற்கு அப்பால் அவற்றைக் கலப்பெண் தளத்தில் ஒரு கோணம் திருப்பிவிடுகிறோம். வெளிநோக்கிச் செல்லும் அலைகள் அங்கே படிப்படியாக மறைந்துவிடும். ஆகவே எல்லையில் அலைச்சார்பு சுழி என்று வைத்தாலே போதும். வெளிச்செல்லும் எல்லை நிபந்தனை தானாக நிறைவேறுகிறது. உள்ளே வரும் அலையோ திருப்பிய பகுதியில் பெருகும் என்பதால், சிதறிய அலையை மட்டும் அறியாச் சார்பாகக் கொண்டு, மூலக் கூறைத் திருப்பும் ஆரத்திலேயே வெட்டிவிட வேண்டும். பிறகு மெய்ப்பகுதியின் விளிம்பில், கட்டுண்ட நிலைகளுக்குச் செங்குத்தான இரண்டு கூலூம் சார்புகளின் பெருக்கலோடு ஒரு புறப்பரப்புத் தொகையீடு செய்து வீச்சைப் பெறலாம். அதில் ஆரத்தைப் பொறுத்து மாறும் ஒரு பொதுக் கட்டம் எஞ்சும். குறுக்குவெட்டை அது பாதிக்காது.

படி 6: மூன்றில் இரண்டே மின்துகள்கள் என்றால்

புரோட்டான், ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் பிணைந்த டியூட்டெரானோடு மோதும்போது நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. இங்கே திரையிட்டுச் சீராக்கும் வழி சிறப்பாகப் பயன்படுகிறது. கூலூம் விசையை ஒரு திரை ஆரத்துக்கு அப்பால் மென்மையாக அணைத்துவிட்டு, குறுகிய விசைக்கான சமன்பாடுகளையே தீர்த்து, திரை ஆரத்தோடு மடக்கையாக வளரும் கட்டத்தை இறுதியில் காரணியாகப் பிரித்தெடுக்கிறோம். ஆல்ட், சாண்டாஸ், ஸீகெல்மன் 1978-இல் இதற்கு அடித்தளமிட்டார்கள். டெல்டுவா, ஃபொன்சேகா, சாவர் 2005-இல் மெய்யான அணுக்கரு விசைகளோடு இதைச் செயல்படுத்தினார்கள். திரையைக் கூர்மையாக வெட்டினால் எண்முறைச் சிற்றலைகள் எழும். மிக மெதுவாக அணைத்தால் குவிதல் தாமதமாகும். தொலைவைத் திரை ஆரத்தால் வகுத்து நான்காம் அடுக்குக்கு உயர்த்தி அதை எதிர் அடுக்குக்குறியாகக் கொண்ட அடுக்கேற்றச் சார்பு நல்ல சமநிலை. மூன்று துகள்களும் மின்னூட்டம் கொண்ட உடைவுக்கு இந்த வழியை எடுத்துச் செல்ல வேண்டாம்; அங்கே பிரித்தெடுக்க இத்தகைய எளிய பொதுக் கட்டம் கிடைப்பதில்லை.

படி 7: விடையை நம்பும் முன்

கூலூம் சார்புகளின் ரான்ஸ்கியனை (இரு சார்புகளையும் அவற்றின் வகைக்கெழுக்களையும் கொண்டு அமைத்த, மாறாதிருக்க வேண்டிய கோவையை) ஒவ்வொரு பொருத்தும் புள்ளியிலும் சரிபாருங்கள். குறைந்த ஆற்றலில் ஒழுங்கற்ற சார்பு மிகப் பெரிதாகிப் பல இலக்கங்களை இழக்கும். பொருத்தும் ஆரத்தை ஒன்றரை மடங்காக்கியும் கட்டப்பெயர்ச்சி மாறாமல் இருக்க வேண்டும். சிதறல் அணி ஒருமைத்தன்மை உடையதா (எல்லா வழித்தடங்களின் வாய்ப்புகளும் கூடி ஒன்றாகின்றனவா), முன்பின் மாற்றிய வழித்தடங்களுக்குச் சமச்சீரானதா என்று பாருங்கள். இவை தேவையான சோதனைகள் மட்டுமே. தவறான எல்லை நிபந்தனையோடும் ஒருமைத்தன்மை பிசகாமல் வரும்.

ஆகவே முழு மூன்று துகள் கணக்குக்கு முன், கோண உந்தங்கள் அனைத்தையும் சுழியாக்கிய டெம்கின், போயெட் மாதிரியில் உங்கள் நிரலை ஓட்டுங்கள். அதில் அயனியாக்கம் உட்பட எல்லா வழித்தடங்களும் உண்டு. விடைகள் மிகுந்த துல்லியத்தோடு அறியப்பட்டவை. அடுத்ததாகப் பயன்தொடக்க ஆற்றலை நெருங்குங்கள். வானியர் 1953-இல் சொன்னபடி, மிகக் குறைந்த உபரி ஆற்றலில் இரண்டு எலக்ட்ரான்கள் கருவின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஏறக்குறைய சம தொலைவில் விலகிச் சென்றால்தான் இரண்டும் தப்பிக்க முடியும். ஒன்று சற்றுப் பின்தங்கினாலும் கரு அதைப் பிடித்துக்கொள்ளும். இதனால் குறுக்குவெட்டு உபரி ஆற்றலின் முதல் அடுக்காக அல்லாமல் 1.127-ஆம் அடுக்காக உயர்கிறது. ஸ்வயனோவிச், ரீட் ஆகியோர் 1974-இல் ஹீலியத்தில் செய்த அளவீடு 1.131 என்றது, அதன் பிழை எல்லை 0.019. எஞ்சும் அயனியின் மின்னூட்டம் இரண்டானால் அடுக்கு 1.056-ஆகக் குறையும், எறிதுகள் பாசிட்ரானானால் 2.65-ஆக உயரும். உங்கள் கணக்கின் அடுக்கு மூன்று நிலைகளிலும் ஒன்றை ஒட்டியே நின்றால், தொலைவில் துகள்களுக்கிடையே உள்ள விசையை நிரல் எங்கோ துண்டித்திருக்கிறது. திருப்பும் ஆரத்தையும் இறுதிநிலைச் சார்புகளின் மின்னூட்டங்களையும் முதலில் திறந்து பாருங்கள்.